மான்செஸ்டரில் இரண்டு நாள்: பஞ்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு எதைக் காட்டுவது?

சிங்காநல்லூர்க்காரி:

வணக்கம். நான் பர்மிங்காமில் இருக்கிறேன். அடுத்த மாதம் அப்பா கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். வயது 71. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே நூற்பாலையில் ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். லண்டன், ஏரிகள், கோட்டைகள் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பியிருந்தேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மான்செஸ்டர் உண்டா?" நம் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப் பாடத்தில் தொடங்கிக் கட்சி மேடை வரை கேட்டே வளர்ந்தவர். அசலைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டாராம்.

இரண்டு பகல், ஓர் இரவு. முழங்கால் வலி உண்டு, படிக்கட்டு ஆகாது. இணையத்தில் தேடினால் கால்பந்து மைதானமும் கடைத்தெருவும்தான் முதலில் வந்து நிற்கின்றன. அவருக்குக் கால்பந்தில் பிடிப்பில்லை. இயந்திரம் பார்க்க வேண்டும், ஓடுகிற இயந்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்தேனீ:

பதினொரு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். விருந்தாளிகளை எங்கே கூட்டிப்போவது என்று மண்டையை உடைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் அப்பா எனக்கு வேலையே வைக்கவில்லை.

முதல் நாள் காலை நேராக லிவர்பூல் ரோட்டில் உள்ள அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். கட்டணம் கிடையாது. நெசவுக் கூடத்தில் பழைய பஞ்சாலை இயந்திரங்களைக் குறிப்பிட்ட நேரங்களில் ஓட்டிக்காட்டுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் அன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அந்த நேரத்தைச் சுற்றித்தான். நிரலைத் தன் நினைவகத்திலேயே சேமித்து ஓட்டிய உலகத்தின் முதல் மின்னணுக் கணினி, 'பேபி' என்று செல்லப்பெயர், 1948 ஜூன் 21 அன்று இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஓடியது. அதன் மறுவடிவமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சுவர் நீளத்துக்கு இரும்புச் சட்டம், கம்பி, வால்வு. பேபி என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

பிறகு பத்து நிமிட நடையில் காசல்ஃபீல்ட். அங்கே 1760-களில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியாக வோர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி படகில் வந்து இறங்கியது. ஊரில் கரி விலை பாதியாகக் குறைந்தது. பஞ்சாலைப் பெருக்கத்துக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். தலைக்கு மேலே 1892-ல் கட்டிய இரும்பு ரயில் பாலம் ஒன்று 1969 முதல் சும்மா கிடந்தது. 2022-ல் அதன்மேல் தோட்டம் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்குத் தோட்டத்தைவிட ரிவெட் ஆணிகள் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நகர மன்றக் கட்டடத்தை நம்பிப் போகாதீர்கள். 1877-ல் முடித்த அருமையான கட்டடம்தான், ஆனால் 2018 தொடக்கத்தில் பழுதுபார்க்க மூடினார்கள், திறக்கும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. நம் ஊர் மேம்பாலம் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

தோனிரசிகன்ஏழு:

கால்பந்து வேண்டாம், சரி. கிரிக்கெட்டுமா வேண்டாம்? ஓல்ட் டிராஃபோர்ட் கிரிக்கெட் மைதானம் டிராம் நிறுத்தத்தை ஒட்டியே இருக்கிறது. 1956-ல் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 19 விக்கெட் எடுத்த இடம். 1990-ல் பதினேழு வயது சச்சின் ஆட்டமிழக்காமல் 119 எடுத்துத் தன் முதல் டெஸ்ட் சதத்தைப் போட்ட இடம். 2019 ஜூலையில் தோனி ரன் அவுட் ஆன இடமும் அதுவே. வெளியே நின்று ஒரு நிமிடம் துக்கம் அனுஷ்டிக்கலாம், அதற்கு டிக்கெட் வேண்டாம்.

பாவும்ஊடும்:

இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன், ஒருவரும் அதைச் சொல்லவில்லை. மான்செஸ்டர் எதனால் மான்செஸ்டர் ஆனது? அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சில் நூற்று, நெய்த துணியை நம் தலையில் கட்டி ஆனது. லங்காஷயர் துணிக்கு உலகத்திலேயே பெரிய சந்தை இந்தியாதான். நம் நெசவாளர்கள் தறியை விட்டு மண்வெட்டியைப் பிடித்தார்கள். 1882-ல் அவர்களுடைய துணிக்கு இறக்குமதி வரியை எடுத்தார்கள். 1894-ல் அரசாங்கம் பணமில்லாமல் மீண்டும் வரி போட்டபோது, லங்காஷயர் முதலாளிகள் கூச்சல் போட்டதால் நம் மில் நூலுக்கும் உற்பத்தி வரி விழுந்தது. 1896 முதல் அது மில் துணிமேல் மூன்றரை விழுக்காடு. 1925 கடைசிவரை அந்த வரி இருந்தது. நம் நாட்டில், நம் மில்லில் நெய்த துணிக்கு, இந்த ஊர் வாடக்கூடாது என்பதற்காக ஒரு வரி!

ஓடுகிற இயந்திரத்தைக் காட்டுங்கள் அம்மா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐயா அந்த மில்லில் முப்பத்து நான்கு ஆண்டு உழைத்தவர். இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

மஞ்சள்தேனீ:

நீங்கள் சொன்ன வரிக்கணக்கில் ஒரு பைசா தவறில்லை. ஆனால் மான்செஸ்டர் என்று ஒரே ஆள் இல்லை. ஊரின் நடுவே, டீன்ஸ்கேட்டுக்குப் பக்கத்தில், ஆபிரகாம் லிங்கன் சிலை நிற்கிறது. இங்கே லிங்கனுக்கு என்ன வேலை என்று பலர் கேட்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டதால் பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயர் முழுக்க மில்கள் மூடி, தொழிலாளர்கள் கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். அந்த நிலையில், 1862 டிசம்பர் 31 அன்று ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடிய மக்கள், அடிமை முறை ஒழியட்டும், தொடங்கிய வேலையை முடியுங்கள் என்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த மாதமே அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அந்தப் பதிலின் வாசகத்தைச் சிலைப் பீடத்தில் படிக்கலாம். எல்லாத் தொழிலாளர்களும் அப்படி நினைத்தார்கள் என்று சொல்லமாட்டேன், லங்காஷயரிலேயே தெற்குப் பக்கம் சாய்ந்த ஊர்களும் உண்டு. ஆனால் அந்தக் கடிதம் பொய்யில்லை.

அங்கிருந்து சற்று நடந்தால் பீட்டர்லூ நினைவிடம். 1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டுச் சுமார் அறுபதாயிரம் பேர் கூடியிருந்த திடலில் குதிரைப்படையை வாளோடு விட்டார்கள். 18 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் பல நூறு பேர். நான்கு ஆண்டு முன்னால் நடந்த வாட்டர்லூ போரைக் கிண்டலடித்து வைத்த பெயர்தான் பீட்டர்லூ. வட்ட வட்டமான கல் படிகளில் இறந்தவர்களின் பெயரும், மக்கள் நடந்து வந்த ஊர்களின் பெயரும் வெட்டியிருக்கிறது. 2019-ல் வைத்தார்கள். சமத்துவம் கேட்டு உயிர்விட்டவர்களின் நினைவிடத்தில் சக்கர நாற்காலிக்காரர் ஏற வழியில்லை என்று அப்போதே பெரிய சண்டை. முழங்கால் வலிக்காரர் கீழே நின்றபடியே சுற்றிப் படிக்கலாம்.

பழையதண்டவாளம்:

இயந்திரப் பேச்சு என்றதும் ஓடிவந்தேன். அந்த அருங்காட்சியகம் இருக்கும் வளாகமே, இன்றும் மிஞ்சியிருக்கும் உலகின் மிகப் பழைய பயணிகள் ரயில் நிலையம் என்பதை யாராவது சொல்லவேண்டாமா? 1830 செப்டம்பர் 15, லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்த நாள். எதிரிலேயே அதே ஆண்டுச் சரக்குக் கிடங்கு. எந்தப் பகுதி பார்வைக்குத் திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பராமரிப்பு வேலை மாறிமாறி நடக்கிறது.

திறப்பு நாள் கதை தனி. வழியில் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றபோது வில்லியம் ஹஸ்கிஸன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கீழே இறங்கி, அப்போதைய பிரதமர் வெலிங்டன் பிரபுவிடம் பேசப் போனார். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த 'ராக்கெட்' எஞ்சின் அவர் காலில் ஏறிவிட்டது. அன்றிரவே இறந்தார். விழாவை நிறுத்தலாமா என்று யோசித்துவிட்டு, மான்செஸ்டரில் கூட்டம் காத்திருக்கிறது என்று போகத்தான் செய்தார்கள். இங்கே வந்தால் வரவேற்பு இல்லை, கூச்சலும் கல்லெறியும்தான். பீட்டர்லூ நடந்து பதினொரு ஆண்டுதானே ஆகியிருந்தது.

பாவும்ஊடும் ஐயாவுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. அன்று அந்த ரயிலில் வந்த ஒரு நடிகை எழுதிவைத்திருக்கிறார்: கூட்டத்துக்கு மேலே உயரமான ஓர் இடத்தில் யாரோ ஒரு கைத்தறியைக் கொண்டுபோய் வைத்து, கந்தல் உடுத்திப் பட்டினியில் வற்றிப்போன ஒரு நெசவாளரை அதில் உட்காரவைத்திருந்தார்களாம். வருகிற பெரிய மனிதர்கள் பார்க்கட்டும் என்று. விசைத்தறி முதலில் தின்றது லங்காஷயர்க் கைத்தறிக்காரனைத்தான்.

பாவும்ஊடும்:

அந்தக் கைத்தறிச் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் தின்ற வரிசையில் நமக்கு இரண்டாம் இடம் என்பது ஆறுதல் ஆகாது.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பேராலயத்துக்கு வெளியே காந்தி சிலை இருக்கிறது, 2019 நவம்பரில் வைத்தது. வைக்கக்கூடாது என்று மாணவர்கள் எதிர்த்ததும் உண்டு. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு வந்தபோது காந்தி லங்காஷயருக்கு வந்தார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்தவர்கள் இருந்த ஊர்களுக்கே வந்தார். டார்வெனில் பெண் தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்து நின்று கைதூக்கி ஆரவாரம் செய்யும் புகைப்படம் எல்லோரும் பார்த்ததுதான். அடி வாங்குவோம் என்று பயந்த இடத்தில் ஆரவாரம். ஐயாவை அந்தச் சிலைக்கு முன்னால் நிறுத்தி என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு அது போதும்.

நூலகப்பூனை:

இயந்திரம், சிலை, சண்டை எல்லாம் இருக்கட்டும். பஞ்சுப் பணம் புத்தகமாக மாறிய இரண்டு இடங்களை விட்டுவிட்டீர்கள்.

டீன்ஸ்கேட்டில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். ரைலண்ட்ஸ் பெரிய பஞ்சு வியாபாரி, 1888-ல் இறந்தார். கியூபாவில் பிறந்த அவர் மனைவி என்ரிக்கெட்டா கணவர் நினைவாகக் கட்டியது. 1900 ஜனவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். எரிவாயு விளக்கின் புகை புத்தகத்தைக் கெடுக்கும் என்று அந்தக் காலத்திலேயே மின்விளக்கு போட்டவர் அந்த அம்மையார். யோவான் நற்செய்தியின் ஒரு துண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் பப்பைரஸ், இங்கே இருக்கிறது. கட்டணமில்லை. புதிய பக்கமாக நுழைந்தால் லிஃப்ட் உண்டு.

இன்னொன்று செட்டம் நூலகம். ஹம்ப்ரி செட்டம் என்ற துணி வியாபாரியின் உயிலால் 1653-ல் தொடங்கியது. கட்டடம் 1421-ஐச் சேர்ந்தது. இசைப்பள்ளி வளாகத்துக்குள் இருப்பதால் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு தேவை. சன்னலோரம் ஒரு சதுர மேசை. 1845 கோடையில் மார்க்ஸும் எங்கெல்ஸும் அதில் உட்கார்ந்து படித்தார்கள். எங்கெல்ஸின் குடும்பத்துக்கு இந்த ஊரில் நூல் ஆலை பங்கு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆலை லாபத்தில்தான் மார்க்ஸ் வீட்டு அடுப்பு எரிந்தது. ஐயா தொழிற்சங்கக்காரர் என்றால் அந்த மேசையை விட்டுவிடாதீர்கள். படிகள் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள்.

புளிக்குழம்பு:

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. ரஷோம் பக்கம் 'கறி மைல்' என்று ஒரு தெரு, பெரும்பாலும் பாகிஸ்தானி, அரபு உணவகங்கள். இட்லி எதிர்பார்த்துப் போகாதீர்கள். குடை வேண்டாம், தலைமூடியுள்ள மழைக்கோட்டு கொண்டுபோங்கள். இங்கே மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும்.

சிங்காநல்லூர்க்காரி:

அத்தனை பேருக்கும் நன்றி. அப்பாவிடம் இழை முழுவதையும் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். சங்கத்தில் இருபது ஆண்டு சந்தா கட்டியவர், மேசை வேண்டும் என்றார். மூன்றரை விழுக்காடு வரி கேட்டதும் "அடப்பாவிகளா" என்றார். தோனியின் ரன் அவுட்டுக்கும் அதே சொல்தான்.

ஸ்டையலில் உள்ள குவாரி பேங்க் மில் பற்றியும் படித்தேன். அங்கே போகலாமா?

மஞ்சள்தேனீ:

போகவேண்டிய இடம்தான், ஆனால் இந்தத் தடவை வேண்டாம். 1784-ல் சாமுவேல் கிரெக் ஆற்றங்கரையில் கட்டிய ஆலை, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். பிரம்மாண்டமான நீர்ச்சக்கரமும் ஓடுகிற தறிகளும் உண்டு. அநாதைச் சிறுவர்களை ஒப்பந்தத்தில் எடுத்துத் தங்கவைத்த பயிற்சித் தொழிலாளர் வீடும் அப்படியே இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு டொமினிக்கா தீவில் அடிமைத் தோட்டம் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறவேண்டும், கட்டணமும் உண்டு, ஒரு முழு நாள் போய்விடும். அதற்குப் பதில் ராயல் எக்ஸ்சேஞ்சுக்குள் ஐந்து நிமிடம் எட்டிப்பாருங்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் நின்று பஞ்சு விலை பேசிய மண்டபம், இப்போது நாடக அரங்கு. அண்ணாந்து பாருங்கள். 1968-ல் வியாபாரம் நின்ற கடைசி நாள் விலைப்பலகை இன்னும் அப்படியே இருக்கிறது.

*(மூன்று வாரம் கழித்து)*

சிங்காநல்லூர்க்காரி:

போய்வந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

தங்கிய விடுதியில் லிஃப்ட் பழுது, நான்காம் மாடி. அதோடு புகாரை முடித்துக்கொள்கிறேன்.

நெசவுக் கூடத்தில் காட்சி தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அப்பா தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஓர் இயந்திரத்தின் பக்கவாட்டு வார்ப்பில் எழுத்து. கண்ணாடியைத் துடைத்து, எழுத்துக்கூட்டி, "பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்" என்று படித்தார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்கள் மில்லில் மூலையில் கிடந்த பழைய இயந்திரங்களிலும் இதே பெயர் இருந்ததாம். "ஓல்டாம் என்பது முதலாளியின் பெயர் என்று நினைத்திருந்தேன்" என்றார். டிராமில் ஏறினால் வருகிற ஊர் என்று நான் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. எனக்குக் காது அடைத்தது. அவருக்கு முகம் தெளிந்தது. ஓட்டிக்காட்டிய அம்மாள், அறுபது வயதிருக்கும், அந்தக் காலத் தறிக்கூடங்களில் பெண்கள் சத்தத்தில் குரல் எடுபடாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள் என்று விளக்கி, 'மீ மா' என்று அதற்குப் பெயர் சொல்லி, செய்தும் காட்டினார். தறியில் குறுக்கு நூலைக் கொண்டோடும் கட்டையான நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி எடுத்ததையும், அப்படியே நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதையும் சொன்னார். அப்பா கையைக் காதருகே கொண்டுபோய், விரல்களைத் திருப்பி ஏதோ சைகை செய்தார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது: சாப்பாட்டுக்குப் போகலாமா என்று வீட்டில் அம்மாவிடம் கேட்கும் அதே சைகை. மில் சைகை என்பதை இத்தனை வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது ஓர் இழை அறுந்தது. அப்பாவின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தடுப்பைத் தாண்டி நீண்டுவிட்டன. இயந்திரத்துக்கும் அவருக்கும் நடுவே ஆறடி. காற்றில் இழையைப் பிடித்து, முறுக்கி, ஒட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பார்த்த அந்த அம்மாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எத்தனை ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) பார்த்தீர்கள் என்று என் மூலம் கேட்டார். அதற்குப் பிறகு இருபது நிமிடம் நான் மொழிபெயர்ப்பாளர். அப்பாவின் முதல் புகார், கூடத்தில் ஈரப்பதம் போதாது, அதனால்தான் இழை அறுகிறது. வெளியே கொட்டுகிற மழையைச் சன்னல் வழியாகக் காட்டி, "இதை உள்ளே விடுங்கள்" என்றார். நூற்பாலைகள் இந்தப் பக்கம் வந்ததற்கு ஈரக்காற்றும் ஒரு காரணம் என்று அவர்கள் எழுதிவைத்த பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு சொன்னார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, அருங்காட்சியகத்துக்குச் சூடேற்றும் கருவிதான் எதிரி என்று ஒப்புக்கொண்டார்.

செட்டம் நூலகத்தில் படி ஏறினார், முழங்காலை மறந்து. மேசையைத் தடவிப் பார்த்து, "தேக்கு இல்லை" என்றார். எக்ஸ்சேஞ்சில் குவிமாடத்தைச் சுற்றி எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார்: நிலையான செல்வம் தேடுகிறவன் எடையிலும் அளவிலும் சூது செய்யக்கூடாது என்று பொருள்படும் வரி. உரக்கச் சிரித்தார், இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பாவும்ஊடும் ஐயாவுக்கு: காந்தி சிலை முன்னால் மழையில் நின்றோம். டார்வென் கதையைச் சொன்னேன். "அவர்கள் மில்லும் மூடிவிட்டார்கள், எங்கள் மில்லும் மூடிவிட்டார்கள். அங்கே எங்களுக்குக் கணக்குத் தீர்க்க ஒன்பது ஆண்டு ஆனது. இவர்களுக்கு எத்தனை ஆண்டு என்று கேள்" என்றார். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பாவும்ஊடும்:

ஐயா கேட்டது நான் கேட்டதைவிடப் பெரிய கேள்வி. வணங்குகிறேன்.

பழையதண்டவாளம்:

பார்ட்டன் சுழல் கால்வாய்ப் பாலத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்! 1894-ல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் திறந்தபோது கட்டியது. தண்ணீரோடு ஒரு கால்வாய்த் துண்டே, மொத்தம் சுமார் 1,450 டன், கப்பலுக்கு வழிவிட அப்படியே பக்கவாட்டில் திரும்பும். அடுத்த முறை கட்டாயம். அது போகட்டும், ஐயா கணக்கில் ரிங் பிரேம் கூடத்துக்கு ஈரப்பதம் எவ்வளவு இருக்கவேண்டும்?

சிங்காநல்லூர்க்காரி:

ஐம்பத்தைந்திலிருந்து அறுபது விழுக்காடு என்கிறார். அதற்கும் மேலே போனால் உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்ளுமாம். குவாரி பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து வைக்கச் சொன்னார், அடுத்த ஆண்டு வருவதற்குள்.